ரசாயன விவசாயி, இயற்கை விவசாயி: உடம்பில் ஏறிய பூச்சிமருந்தை எப்படி அளப்பது? முன்னோட்டத்தில் இரண்டும் ஒன்றுபோல வருகிறது

வரப்போரம் (கேள்வி):

ஒரு பக்கம் ரசாயன மருந்தடிக்கும் விவசாயிகள் 50 பேர், மறுபக்கம் சான்றிதழ் பெற்ற இயற்கை விவசாயிகள் 50 பேர். இரு தரப்பாரின் உடம்பிலும் பூச்சிமருந்து எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிட வேண்டும். 300 சிறுநீர் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பப் பணம் இருக்கிறது, அதற்கு மேல் கிடையாது. விரல்நுனி ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் (சில பூச்சிமருந்துகள் முடக்கும் நொதி) பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்றும் உண்டு.

முன்னோட்டமாகத் தரப்புக்குப் பத்துப் பேரிடம் ஆளுக்கொரு மாதிரி எடுத்துப் பார்த்தாயிற்று. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உடம்பில் உடைந்து சிறுநீரில் இறங்கும் தடயமான டி.ஏ.பி. ரசாயனத் தரப்பில் கொஞ்சம் கூடுதல். பைரெத்ராய்டு வகை மருந்துகளின் தடயமான 3-பி.பி.ஏ. இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மாதிரி எடுத்தது கூட்டம் நடந்த இடத்தில், பகல் பதினொரு மணி வாக்கில். யார் கடைசியாக எப்போது மருந்தடித்தார் என்று குறிக்கவில்லை.

இயற்கை விவசாயிகள் மறைத்து அடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதா? ஆய்வகம் சொதப்பிவிட்டதா? அளக்கிற முறையே தப்பா? முழு ஆய்வைத் தொடங்குமுன் எதை மாற்ற வேண்டும்?

ஆய்வுமேசை:

மூன்றாவதுதான். ஆளைச் சந்தேகப்படுமுன் 3-பி.பி.ஏ. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பாருங்கள்.

பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா-சைஹலோத்ரின், ஃபென்வலரேட் எல்லாமே உடம்பில் உடைந்து இந்த ஒரே பொருளாகச் சிறுநீரில் இறங்கும். அது வயலில் அடித்ததா, மருந்தேற்றிய கொசுவலையில் இருந்து வந்ததா, பேன் மருந்தா, மாட்டின் உண்ணிக்குத் தடவியதா, விலைக்கு வாங்கிய காய்கறியில் ஒட்டியிருந்ததா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. இயற்கை விவசாயியும் கொசுவலைக்குள் தூங்குகிறவர்தான், மாடு வைத்திருப்பவர்தான். இரு தரப்பிலும் ஒரே அளவு வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

கொஞ்சம் பிரித்துப் பார்க்க வழி உண்டு. டெல்டாமெத்ரினுக்கு சிஸ்-டி.பி.சி.ஏ., சைஃப்ளூத்ரினுக்கு 4-ஃப்ளூரோ-3-பி.பி.ஏ., பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், சைஃப்ளூத்ரின் மூன்றுக்கும் பொதுவாக டி.சி.சி.ஏ. இவற்றை 3-பி.பி.ஏ. பார்க்கும் அதே சோதனையில் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகங்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர் எதிரான ஓட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இயற்கை விவசாயத்தில் பல இடங்களில் அனுமதியுள்ள பைரெத்ரம் பூச்சாறு 3-பி.பி.ஏ.வாக உடையவே உடையாது. அதன் தடயம் சி.டி.சி.ஏ. என்ற வேறு பொருள். ஆக, உங்கள் சோதனைப் பட்டியல் ஒரு தரப்பின் மருந்துகளை மட்டும் பார்க்கக் கட்டப்பட்டது. இயற்கைத் தரப்பு அடிப்பதை அது பார்க்காது, ஆனால் அவர்கள் அடிக்காததை வீட்டுக்குள்ளிருந்து பிடித்துக் காட்டும். சி.டி.சி.ஏ.வைச் சேர்த்தால், சில கொசுவர்த்திகளில் உள்ள அலெத்ரினும் அதையே தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் என்ன கொளுத்துகிறார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

டி.ஏ.பி. இன்னும் மொத்தையான அளவுகோல். ஆறு பொருள்களின் கூட்டுத்தொகை அது. குளோர்பைரிஃபாஸ் டை-எத்தில் வகைகளைத் தரும். டைமெத்தோயேட், மாலத்தியான் டை-மெத்தில் வகைகளைத் தரும். ஆறையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இந்த வித்தியாசமும் போய்விடும். அசிஃபேட், புரோஃபெனோஃபாஸ் இரண்டும் அந்த ஆறில் எதையுமே தராது. உங்கள் ஆட்கள் புரோஃபெனோஃபாஸ் அடித்திருந்தால் டி.ஏ.பி. சுத்தமாகக் காட்டும், ஆள் நனைந்திருப்பார். அதற்கு 4-புரோமோ-2-குளோரோஃபீனால் பார்க்க வேண்டும். குளோர்பைரிஃபாஸுக்கு டி.சி.பி.ஒய். போதும். இன்னொன்று: உணவின் மேலேயே மருந்து ஏற்கெனவே உடைந்து டி.ஏ.பி.யாக உட்கார்ந்திருக்கும். அதைச் சாப்பிட்டால் அப்படியே சிறுநீரில் வரும். அந்த ஆள் மருந்தை உட்கொள்ளவே இல்லை, ஆனால் எண் ஏறும்.

நியோனிக்கோட்டினாய்டு வகை மருந்துகளில், இமிடாகுளோபிரிட் என்றால் 5-ஹைட்ராக்சி-இமிடாகுளோபிரிட், அசெட்டாமிப்ரிட் என்றால் என்-டெஸ்மெத்தில்-அசெட்டாமிப்ரிட். ஸ்பினோசாட், எமாமெக்டின் இரண்டும் பெரும்பாலும் மலத்தோடு போகிறவை. சிறுநீரில் தேடிப் பயனில்லை.

அதனால் வரிசையைத் திருப்புங்கள். முதலில் இரு தரப்பின் கொட்டகைகளிலும் கிடக்கும் காலிப் புட்டிகளில் ஒட்டிய லேபிளைப் படம் எடுங்கள், மூலப்பொருள் பட்டியல் போடுங்கள், அதன் பிறகு எந்தத் தடயப்பொருளைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். குளோர்பைரிஃபாஸ் 50%, சைபர்மெத்ரின் 5% இரண்டும் சேர்ந்த கலவை ஒரே புட்டியில் விற்கிறது. விவசாயி அதை ஒரு மருந்தாகத்தான் சொல்வார். வாய்ச்சொல்லை மட்டும் எழுதிக்கொண்டால் ஒன்று விட்டுப்போகும்.

தொழில்நலம்:

மேலே சொன்னது சரி. ஆனால் முன்னோட்டத்தைக் கெடுத்ததில் பெரிய பங்கு நேரத்துக்குத்தான்.

டி.சி.பி.ஒய். சிறுநீரில் பாதியாகக் குறைய சுமார் 27 மணி நேரம் ஆகும். திங்கள் காலை அடித்தவரிடம் வெள்ளி மாலை மாதிரி எடுத்தால் கிட்டத்தட்ட நான்கு அரைவாழ்வுக் காலம் கடந்திருக்கும். பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். பைரெத்ராய்டு இன்னும் வேகம். சைபர்மெத்ரினின் தடயங்கள் வாய்வழி போனால் சுமார் 16 மணி நேரத்தில் பாதியாகும். மூன்று நாளில் இருபதில் ஒரு பங்கு. கூட்டத்துக்கு வந்த நாளில் யார் அடித்து எத்தனை நாள் ஆனது என்று தெரியாமல் எடுத்த மாதிரி, பெரும்பாலும் நேற்றைய சாப்பாட்டைத்தான் அளந்திருக்கிறது. அதில் இரு தரப்பும் ஒன்றாக இருப்பது இயல்பு.

தோல்வழி போனது உடனே வெளிவராது என்பதும் உண்டு. அடித்து முடித்த அன்று மாலையே எடுத்தால் உச்சத்தைத் தவறவிடுவீர்கள். மறுநாள் காலை முதல் சிறுநீர், அதற்கடுத்த நாள் காலை முதல் சிறுநீர், இந்த இரண்டும் கட்டாயம். மருந்தடிக்கப் போகும் அன்று காலை, கலவை போடுமுன், ஒன்று. கடைசியாக அடித்து ஏழு நாளாவது ஆன ஓய்வுக் காலத்தில் இன்னொன்று. ஆளுக்கு நான்கு.

நூறு பேருக்கு நான்கு என்றால் 400; பணம் பற்றாது. ஆளைக் குறையுங்கள், மாதிரியைக் குறைக்காதீர்கள். 30 + 30 பேர், ஆளுக்கு நான்கு, 240. மீதி 60-ல் 24 மறை இரட்டைகள்: ஒரே சிறுநீரை இரண்டு வேறு எண்ணில் அனுப்புவது. 18 வெற்று மாதிரிகள்: வயலிலேயே மூடி திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்றியது. 18 தெரிந்த அளவு கலந்தவை. இந்த 60-ஐ வீண் என்று நினைத்துத்தான் பலர் வெட்டுகிறார்கள். பிறகு, ஆய்வகம் சொதப்பியதா என்று நீங்கள் இப்போது கேட்கிற அதே கேள்வியோடு நிற்பார்கள், பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

இயற்கைத் தரப்பின் மாதிரி நாளை எப்படி முடிவு செய்வது என்பது கொஞ்சம் சிக்கல். அவர்களுக்கு இரண்டு வகை நாள் உண்டு: தாங்களே ஏதாவது தெளிக்கும் நாள், பக்கத்து வயலில் ரசாயனம் அடிக்கும் நாள். முக்கியம் இரண்டாவது. ஆகவே ஒவ்வொரு ரசாயன விவசாயிக்கும் அருகில் உள்ள ஓர் இயற்கை விவசாயியை இணை சேர்த்து, இருவரிடமும் அதே தேதிகளில் எடுங்கள். காற்றில் வந்தது இருந்தால் அப்போதுதான் தெரியும்.

சேர்க்கும்போது இயற்கை விவசாயியிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி: வேறொருவர் வயலில் கூலிக்கு மருந்தடிக்கிறீர்களா? நிலத்துக்குச் சான்றிதழ் இருக்கும், கைக்கு இருக்காது. ரசாயனத்துக்குப் பயன்பட்ட தெளிப்பானை இரவல் வாங்கி வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். குழாயிலும் வாரிலும் பழைய மருந்து ஊறியிருக்கும்.

மருந்தடித்த பதிவேட்டில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதுவது போதாது. டேங்கின் கொள்ளளவு, ஒரு டேங்குக்கு எத்தனை மி.லி., எத்தனை டேங்க். 200 கிராம்/லிட்டர் மருந்தை லிட்டருக்கு 2 மி.லி. கலந்து, 16 லிட்டர் டேங்க் பத்து அடித்தால் 320 மி.லி., அதாவது 64 கிராம் மூலப்பொருள். கலவை போட்டவர் யார் என்று தனிக் கட்டம் வையுங்கள். புட்டியிலிருந்து ஒரு மி.லி. கையில் சிந்தினால் 200 மில்லிகிராம். டேங்க் கரைசல் ஒரு மி.லி. சிந்தினால் 0.4 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு. அடித்தவர் ஒருவர், கலந்து கொடுத்தவர் வீட்டில் இன்னொருவர் என்றால், கூடுதலாக ஏறியது யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டைப்பார்வை:

சிறுநீரையே ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? சிலிக்கோன் கைப்பட்டை ஏழு நாள் கட்டினால் போதுமே. மருந்து உடைந்த பொருளைத் தேட வேண்டாம், மூல மருந்தே பட்டையில் ஏறும். ஒரே பட்டையில் பல மருந்துகளைப் பார்க்கலாம். ஊசி இல்லை, புட்டி இல்லை, குளிர்பெட்டி ஓட்டமும் இல்லை. இயற்கைத் தரப்பில் எது எங்கிருந்து வருகிறது என்று பெயரோடு தெரியும்.

தொழில்நலம்:

பெயருக்கு நல்லது, அளவுக்கு அல்ல. பட்டை காட்டுவது பட்டையில் ஏறியதை. உடம்பில் ஏறியதை அல்ல. தெளிப்பான் கசிந்து பட்டை மேல் நேரே சொட்டினால் எண் வானத்துக்குப் போகும். கையுறைக்குள் மாட்டிக்கொண்டால் குறையும். தண்ணீரில் எளிதில் கரையும் நியோனிக்கோட்டினாய்டுகளை சிலிக்கோன் அவ்வளவாகப் பிடிக்காது. பக்கத்து வயலில் இருந்து வந்ததா, கொசுவர்த்தியில் இருந்து வந்ததா என்று பிரிக்க, இயற்கைத் தரப்பில் மட்டுமாவது சேர்த்தால் பயன் உண்டு, மறுக்கவில்லை.

சேர்ப்பதானால்: கடையில் வாங்கிய பட்டையை அப்படியே கட்டக்கூடாது. கரைப்பானில் ஊறவைத்தோ வெற்றிட அடுப்பில் உயர் சூட்டில் வைத்தோ முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பட்டையில் இருந்தே வரும் கசடு ஆய்வகக் கருவியில் எல்லாவற்றையும் மறைக்கும். தூங்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றக்கூடாது. எல்லாரும் ஒரே எண்ணிக்கையிலான நாள்கள். கழற்றியதும் காற்றுப் புகாத உறை, –20 டிகிரி. ஒவ்வொரு தொகுதிக்கும் வயல்வரை போய்த் திறந்து மூடிய வெற்றுப் பட்டை ஒன்று.

வரப்போரம்:

நன்றி, நிறையத் தெளிந்தது. இரண்டு சந்தேகம். வெயிலில் வேலை செய்கிறவர்களின் சிறுநீர் கெட்டியாக இருக்கிறது. சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினினின் அளவால் வகுத்தால் சரியாகுமா? இரண்டாவது, கோலினெஸ்டெரேஸ் கருவியை எங்கே நுழைப்பது?

ஆய்வுமேசை:

கிரியாட்டினின் தசையில் இருந்து வருவது. தசை அதிகமுள்ள உழைப்பாளிக்குக் கூடும், முதியவருக்கும் மெலிந்தவருக்கும் குறையும். உங்கள் இரு தரப்பிலும் வயது வேறு, ஆண்-பெண் விகிதம் வேறு என்றால், அதனால் வகுக்கும்போதே ஒரு வித்தியாசத்தை நீங்களே உண்டாக்குவீர்கள். ஒப்படர்த்தியை (சிறுநீர் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பதை) எடுங்கள். கையில் பிடிக்கும் ஒளிவிலகல்மானி போதும், நிறம் மாறும் பட்டைக் காகிதம் வேண்டாம். சூத்திரம்: அளந்த செறிவு × (1.024 − 1) ÷ (அந்த மாதிரியின் ஒப்படர்த்தி − 1). இரண்டு பேருக்கும் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வந்ததாக வையுங்கள். வெயிலில் காய்ந்தவரின் ஒப்படர்த்தி 1.030 என்றால் திருத்திய மதிப்பு 2.4. நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு 1.010 என்றால் 7.2. ஒரே எண், மூன்று மடங்கு வித்தியாசம். கிரியாட்டினினையும் அளந்து வையுங்கள், லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் கீழோ 3 கிராமுக்கு மேலோ போனால் அந்த மாதிரி சந்தேகத்துக்குரியது.

மாதிரி எடுப்பதில் கெடுவது பெரும்பாலும் கையால்தான். மருந்துப் புட்டியைத் தொட்ட கையோடு மூடியைத் திறந்தால் சிறுநீரில் வெளியிலிருந்தே மருந்து விழும். காலையில் எழுந்து, சோப்பால் கை கழுவி, வேலைச் சட்டை போடுமுன் பிடிக்கச் சொல்லுங்கள். பாலிபுரோப்பிலீன் புட்டி, உடனே பனிக்கட்டிப் பெட்டி, அன்றைக்கே சிறு குப்பிகளில் பிரித்து உறைய வைக்க வேண்டும். குப்பியை முக்கால் மட்டுமே நிரப்புங்கள். விளிம்புவரை நிரப்பினால் உறையும்போது விரிந்து வெடிக்கும்.

ஆய்வகத்திடம் ஒரு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: குளுக்குரோனிடேஸ் நொதி போட்டு இணைப்பை உடைத்த பிறகு அளக்கிறீர்களா, அப்படியே அளக்கிறீர்களா? டி.சி.பி.ஒய்., 3-பி.பி.ஏ. இரண்டும் பெருமளவு சர்க்கரையோடு பிணைந்த வடிவில்தான் வெளியேறும். உடைக்காமல் அளந்தால் பிணையாத சொற்பம் மட்டும் தெரியும். இரண்டு ஆய்வகங்களுக்குப் பிரித்து அனுப்பி, ஒன்று உடைத்து இன்னொன்று உடைக்காமல் விட்டால், தரப்புகளுக்கு இடையே வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்தால் ஒரே ஆய்வகம், அதுவும் இரு தரப்பு மாதிரிகளையும் கலந்து ஓட்டும்படி. தரப்புவாரியாகத் தொகுதி பிரித்துக் கொடுக்காதீர்கள்.

கோலினெஸ்டெரேஸ்: இரு தரப்பையும் ஒப்பிட அது உதவாது. ஆளுக்கு ஆள் இயல்பிலேயே அவ்வளவு வேறுபடும். ஒருவர் தன் அளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தும் இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்பார். பைரெத்ராய்டு, நியோனிக்கோட்டினாய்டு எதற்கும் அது அசையாது. ஒரே ஆளின் மதிப்பு அவருடைய அடிப்படை மதிப்பிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதுதான் செய்தி. கலிஃபோர்னியா விதிமுறை நல்ல வழிகாட்டி: மருந்தின் பக்கம் போகாமல் 30 நாள் ஆன பிறகு, 3 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி, அது அடிப்படை. அதில் 80%-க்குக் கீழ் போனால் வேலை முறையை ஆராய வேண்டும். சிவப்பணு மதிப்பு 70%-க்கோ பிளாஸ்மா மதிப்பு 60%-க்கோ கீழே இறங்கினால் ஆளை மருந்திலிருந்து விலக்க வேண்டும். 80%-க்கு ஏறிய பிறகே திரும்பலாம். ஆக, அந்தக் கருவியை ஒப்பீட்டுக்கு அல்ல, ஆளின் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியவரிடம் யார், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது என்பது முன்பே எழுதியிருக்க வேண்டும்.

விரல்நுனியில் ஒட்டிய ஆர்கனோபாஸ்பேட், குத்தி எடுத்த சொட்டிலேயே நொதியைக் கொன்றுவிடும். சோப்பு, தண்ணீர், ஆல்கஹால், முழுக்க உலர்த்தல், அதன் பிறகு ஊசி. இதே நொதியை முடக்கும் இன்னொரு வகையான கார்பமேட் என்றால், சோதிக்கத் தாமதிக்கவே கூடாது. நொதி தானாக மீண்டு, சோதிக்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். கருவி வெயிலில் நின்றாலும் எண் பிசகும். நிழலில், ஹீமோகுளோபினால் வகுத்த மதிப்பையே எழுதுங்கள். ரத்தசோகை உள்ளவர் வகுக்காத மதிப்பில் விஷம் ஏறியவர் போலத் தெரிவார்.

மடக்கை:

கணக்குப் பக்கம் ஒரு வார்த்தை. இயற்கைத் தரப்பில் பல மாதிரிகள் கண்டறியும் வரம்புக்குக் கீழே வரும். வரம்பை √2-ஆல் வகுத்து எல்லாருக்கும் அதே எண்ணைப் போடுவது பழக்கம். பத்தில் ஒன்றிரண்டு அப்படி என்றால் பரவாயில்லை. பாதிக்கு மேல் என்றால் அந்தத் தரப்பின் சராசரி நீங்கள் போட்ட எண்ணின் சராசரிதான். பரவலும் பொய்யாகச் சுருங்கி, இல்லாத வித்தியாசம் 'முக்கியத்துவம்' பெறும். அப்போது எத்தனை சதவீத மாதிரிகளில் கண்டறியப்பட்டது என்று ஒப்பிடுங்கள், அல்லது வரம்புக்குக் கீழானதை அப்படியே ஏற்கும் டோபிட் என்ற புள்ளியியல் கணக்குமுறையைப் பயன்படுத்துங்கள். ஆளுக்கு நான்கு மாதிரி என்பதால், 240 தனி ஆட்கள்போல டி-சோதனை (இரு தரப்பின் சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போட்டுவிடாதீர்கள். ஒரே ஆளின் மாதிரிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் கணக்கில் எடுக்கும், ஆளை சமவாய்ப்பு விளைவாக வைத்த கலப்புக் கணக்குமுறை (mixed model) வேண்டும். எல்லாம் மடக்கை அளவில், பெருக்குச் சராசரியோடு. முக்கிய ஒப்பீடு எது என்று தரவைப் பார்க்குமுன் எழுதி வையுங்கள்: என்னைக் கேட்டால் மறுநாள் காலை மாதிரியில் இணைகளுக்கு இடையிலான வித்தியாசம்.

வரப்போரம்:

30 + 30, இணை சேர்த்து, நான்கு மாதிரி என்று மாற்றுகிறேன். ஸ்பினோசாட் சிறுநீரில் தெரியாது என்றதால் கைகழுவிய நீரையும், உடையில் ஒட்டி மருந்தைப் பிடிக்கும் ஒட்டுத்துண்டுகளையும் அதே ஆட்களிடம் அதே நாளில் எடுத்தால் என்ன?

தொழில்நலம்:

அதே ஆட்களிடம் அதே நாளில் வேண்டாம். கையைக் கழுவி எடுத்துவிட்டால் தோல்வழி உள்ளே போக இருந்ததை நீங்களே வெளியே எடுத்துவிட்டீர்கள். மறுநாள் சிறுநீர் குறைவாகத்தான் வரும். உடம்பு முழுக்கப் பருத்தி உள்ளாடை போட்டு அளப்பதிலும் இதே தொல்லை. தரப்புக்கு எட்டுப் பேரைத் தனியாக வைத்து, சிறுநீர் எடுக்காத இன்னொரு நாளில் செய்யுங்கள்.

ஒட்டுத்துண்டு 10 × 10 செ.மீ., பின்புறம் அலுமினியத் தாள், சட்டைக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. அதன் பலவீனம் பெருக்கல். இரண்டு தொடைகளின் பரப்பு சுமார் 3,820 சதுர செ.மீ. என்று கணக்கில் எடுப்பார்கள், துண்டு 100. நாசில் சொட்டிய ஒரு துளி துண்டில் விழுந்தால் 38 மடங்காகும்; பக்கத்தில் விழுந்தால் பூஜ்யம். அதனால் தனி ஆளின் எண்ணாக அதை எங்கும் எழுதாதீர்கள்.

கைகழுவலுக்கு 0.01% டையாக்டைல் சல்ஃபோசக்சினேட் (சோப்புபோல அழுக்கை இளக்கும் பொருள்) கரைசல் 250 மி.லி. ஒரு பாலித்தீன் பையில் ஊற்றி, கையை மணிக்கட்டுவரை விட்டு, மேலே இறுக்கிப் பிடித்து 30 நொடி குலுக்க வேண்டும். புதுக் கரைசலில் இன்னொரு முறை, பிறகு அடுத்த கை. வேலை முடிந்த பின் ஒரு தடவை போதும் என்று நினைக்காதீர்கள். கலவை போட்டவர் இடையில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ போகும்போது வாய்க்காலில் கை அலம்பினால், புட்டியிலிருந்து சிந்திய அந்த 200 மில்லிகிராம் வாய்க்காலோடு போய்விடும். யாராவது ஒருவர் பைகளோடு வரப்பிலேயே நின்று, ஒவ்வொரு அலம்பலையும் பிடிக்க வேண்டும்.